ஒரு பாதி கம்பளி

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்திய உரை)



பருவ காலங்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி வாருங்கள் என்று ஆண்டுதோறும் என் மாணவருக்குச் சொல்வதுண்டு. எந்த ஆண்டிலும் தவறாமல் சிலர் 'இலையுதிர் காலம்' என்று தலைப்பிட்டு, பொன்னிற இலைகள் பாதையெங்கும் பரவிக் கிடப்பதாக எழுதிக்கொண்டு வருவார்கள். எழுதிய பிள்ளையின் வீடு கட்டுகஸ்தோட்டையில் இருக்கும். "தம்பி, ஒக்டோபர் மாதத்தில் கட்டுகஸ்தோட்டையில் எந்த மரம் இலை உதிர்த்தது?" என்று கேட்டால் பிள்ளை சிரிக்கும். கேகாலைப் பக்கத்து இறப்பர் மரங்கள் இலை உதிர்ப்பதுண்டு. அதுவும் தை, மாசியில்தான்.

இலையுதிர் காலம் என்பது பிழையான சொல் அன்று. வேறொரு தேசத்துக்குச் சரியான சொல். அந்தத் தேசத்தார் ஒக்டோபர் பிறந்ததும் பெட்டிக்குள் கிடந்த கம்பளிச் சட்டைகளை வெளியே எடுக்கிறார்கள். கணவனும் மனைவியுமாகச் சருகு மிதித்து உலாவுகிறார்கள். தோட்டங்களுக்குப் போய் அப்பிள் பறிக்கிறார்கள். இவையெல்லாம் ஒரு சடங்கு போல் ஆண்டுதோறும் நிகழ்வதாக வாசிக்கிறோம். நமக்கு அப்படி ஒன்றும் இல்லையா என்று ஒருநாள் எண்ணிப் பார்த்தேன். இருக்கிறது. அதற்கு ஈராயிரம் ஆண்டுப் பழமையான பெயரும் இருக்கிறது. கூதிர் என்பது அதன் பெயர்.

ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர் என்பர் உரையாசிரியர். கண்டியில் இருப்பவர்களுக்கு இதைப் பஞ்சாங்கம் பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை. காலையில் வெயில் நன்றாக எறிக்கும். வாவியின் நீரில் மரங்களின் நிழல் அசையாது கிடக்கும். பதினொரு மணிக்கு மேல் ஹந்தானை மலையின் தலையில் ஒரு மேகம் வந்து உட்காரும். ஒன்றரை மணிக்குப் பாடசாலை விடும் மணியும் முதல் இடியும் ஏறக்குறைய ஒன்றாகவே கேட்கும். பிறகு மழைதான். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் இருக்கும் இந்த நகரத்துக்கு ஆண்டில் மழை மிகுந்த மாதங்கள் ஒக்டோபரும் நவம்பரும்தான். நுவரெலியாவைப் போல எலும்பைத் தொடும் குளிர் இல்லை. ஆனால் துவைத்த சட்டை மூன்று நாளானாலும் காயாது. புத்தகத்தின் அட்டை நெளியும். உப்பு கசியும். சரிவுகளில் லயங்களில் இருப்பவர்களுக்கோ இது மண்சரிவுக்கு அஞ்சி இரவில் விழித்திருக்கும் காலமும் ஆகும்.

தொல்காப்பியர் குறிஞ்சி நிலத்துக்குரிய பெரும்பொழுதாகக் கூதிரையும் சிறுபொழுதாக யாமத்தையும் வைத்தார். குறிஞ்சியின் உரிப்பொருள் புணர்தல் என்பதை நேயர்கள் அறிவீர்கள். மலை, கூதிர், நள்ளிரவு, இருவர் கூடியிருத்தல் ஆகிய நான்கையும் ஒன்றாக முடிச்சிட்ட அந்த இலக்கணத்தைச் சமவெளியில் இருந்து படிக்கும்போது அது ஒரு வாய்பாடாகத் தோன்றக்கூடும். மலைநாட்டில், மழை கூரைத் தகரத்தில் அறையும் ஓர் ஐப்பசி இரவில் படித்தால் அது வெறும் நடைமுறைச் செய்தி. வெளியே போக வழியில்லை, மின்சாரமும் போயிருக்கும், இருவரும் ஒரு விளக்கைச் சுற்றித்தான் இருந்தாக வேண்டும்.

கூதிரின் ஆடையைப் பற்றிப் பேச வந்தால் நெடுநல்வாடையை விட்டுவிட முடியாது. பத்துப்பாட்டில் ஒன்றாகிய அந்தப் பாட்டு 188 அடிகள் கொண்டது, பாடியவர் நக்கீரர். மழையில் நனைந்த கோவலர் நெருப்பில் கைகாட்டிக் குளிர்காய்வதில் பாட்டுத் தொடங்குகிறது. ஊருக்குள் விசிறிகள் வேலையின்றித் தொங்குகின்றன. சந்தனம் அரைக்கும் கல் சும்மா கிடக்கிறது. அரண்மனைக்குள்ளே, யானைத் தந்தத்தால் இழைத்த கட்டிலில், அரசி இருக்கிறாள். அரசன் பாசறையில். அவளுக்குப் பட்டு இல்லையா? பொன் இல்லையா? எல்லாம் உண்டு. ஆனால் பாட்டில் அவள் உடுத்தியிருப்பது மாசேறிய ஒரு நூற்புடைவை. பொன்வளை கிடந்து தழும்பேறிய கையில் இப்போது ஒரு சங்குவளை. அதனோடு ஒரு காப்பு நூல். அவ்வளவே.

அதே இரவில் அங்கே பாசறையில் அரசன் துயிலாமல் நடக்கிறான். புண்பட்ட வீரரைப் பார்க்கப் போகிறான். வாடைக் காற்றிலே தோளைவிட்டு நழுவும் மேலாடையை இடப்பக்கமாக அணைத்துக்கொள்கிறான். குடைமேல் மழைத்துளி விழுகிறது. இந்தப் பாட்டு அகமா புறமா என்று புலவர்கள் வாதிட்டதுண்டு. பாசறை வேலில் வேப்பிலை கட்டியிருப்பதாக வருகிறதே, வேம்பு பாண்டியனின் அடையாளம் அல்லவா, ஆகவே புறம் என்றார்கள். வாதம் இருக்கட்டும். எனக்குப் பெரிதாகத் தோன்றுவது, ஒரே குளிரில் இரண்டிடங்களில் இருவர் உடுத்தியிருக்கும் இரண்டு துணிகளைக் கவிஞர் கண்ட விதம். அவள் வெளுக்கக் கொடாத துணியும் அவன் நழுவவிடாத துணியும்.

இந்தப் பகுதியைப் பல ஆண்டுகள் வகுப்பில் மிகுந்த உற்சாகத்தோடு கற்பித்துவிட்டேன். அதில் வரும் காப்பு நூலை மட்டும் ஒருபோதும் கவனித்ததில்லை. கவனிக்க வைத்தவர் என் மனைவி.

அவர் வடமராட்சிக்காரர். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ஒன்றாகப் படித்தோம். 2010 ஆம் ஆண்டில் மணம் முடித்தோம். நானோ ஹேவாஹெட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் லயத்தில் பிறந்தவன். எங்கள் இருவருக்கும் தமிழ் ஒன்று, பருவம் ஒன்றல்ல. "இது மாரி. எங்கட ஊரில ஐப்பசிக்கு வெள்ளம் நிக்கும். குளிர் மார்கழியிலதான். நீங்கள் என்னெண்டால் மழைக்கும் குளிரெண்டுறியள்" என்பார். குளிர்ச்சட்டை போடுவது நோயாளிகளின் வேலை என்று அவருக்கு ஓர் எண்ணம். கலியாணம் முடித்த முதல் ஐப்பசியில் இரண்டு வாரம் தடிமனோடு கிடந்த பிறகே, நுவரெலியாவின் தெருவோரக் கடையில் வாங்கிய ஒரு சுவெட்டருக்கு இணங்கினார். நிறம் அவருக்குப் பிடிக்கவில்லை. இன்றுவரை அதைத்தான் போடுகிறார்.

அவர் கொண்டுவந்த வழக்கம் கேதாரகௌரி விரதம். எங்கள் தோட்டத்தில் ஐப்பசி என்றால் தீபாவளிதான். தீபாவளி முற்பணம் கைக்கு வரும். கடைவீதியில் துணிக்கடைகள் நிரம்பும். பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு புதுச்சட்டை. மிஞ்சினால் அம்மாவுக்கு ஒரு சேலை, பெரும்பாலும் மிஞ்சாது. நான் வளர்ந்த லயத்தில் கௌரி விரதம் பிடித்த வீடு ஒன்றையும் நான் கண்டதில்லை. என் மனைவிக்கோ அது தாயிடமிருந்து வந்த சொத்து. புரட்டாதியின் வளர்பிறைத் தசமியில் தொடங்கி, தீபாவளியை ஒட்டி வரும் அமாவாசை வரை 21 நாள். 21 இழையில் 21 முடிச்சிட்ட காப்பு. ஆணுக்கு வலக்கையில், பெண்ணுக்கு இடக்கையில்.

விரதம் தொடங்கும் நாளில் அவர் இன்னொரு வேலையும் செய்வார். கட்டிலின் கீழுள்ள தகரப் பெட்டியை இழுத்து, கூதிருக்கான துணிகளை எல்லாம் வெளியே எடுப்பார். என் சுவெட்டர், அவருடைய சால்வை, மகனின் பழைய குல்லா. காலை வெயிலில் கொடியில் போட்டு, மதியம் ஒரு மணிக்குள் எடுத்துவிட வேண்டும். எடுக்கும் பொறுப்பு என்னுடையது. பாடசாலை நாளில் அது நடவாது. ஆகவே அதை ஒரு சனிக்கிழமைக்குத் தள்ளிவைப்போம். சாத்திரத்தில் இதற்கு இடமில்லை. எங்கள் வீட்டில் இடமுண்டு.

முதல் ஆண்டு கட்டுக்கலைப் பிள்ளையார் கோவிலில் ஐயர் என் வலக்கையைக் கேட்டபோது எனக்குச் சற்றுக் கூச்சமாக இருந்தது. பட்டதாரி அல்லவா! அடுத்த நாள் இரவு நெடுநல்வாடைப் பாடத்தைத் தயார் செய்துகொண்டிருந்தேன். தேநீர் வைக்க வந்தவர் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். அவரும் தமிழ் படித்தவர்தான். ஆசிரியர் வேலைக்கு வரவில்லை, அவ்வளவே. அரசியின் கையைப் பற்றிய அடியில் விரலை வைத்தார். பிறகு தம் இடக்கையை என் புத்தகத்தின் மேல் நீட்டினார். மஞ்சள் ஊறிய காப்பு நூல் அங்கே கிடந்தது. ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அடுத்த நாள் வகுப்பில் மாத்திரம் அந்த ஓர் அடிக்கு ஒரு பாடவேளை முழுவதும் போயிற்று.

கௌரி தவமிருந்து பெற்றது சிவனுடைய உடம்பில் சரிபாதி என்பது புராணம். மாதொருபாகனின் வடிவத்தைச் சிலையிலோ படத்திலோ கண்டிருப்பீர்கள். முகத்தைப் பார்ப்பவர்கள் இடையைப் பார்ப்பதில்லை. வலப்பாதி புலித்தோல் உடுத்தியிருக்கும். இடப்பாதி பட்டு உடுத்தியிருக்கும். உடம்பு ஒன்றான பிறகும் உடை ஒன்றாகவில்லை! இல்லறத்தைப் பற்றி இவ்வளவு உண்மையாகப் பேசும் சிற்பம் வேறொன்றை நான் காணவில்லை.

எங்கள் வீட்டில் பட்டு யார் பாதி என்பது தெளிவு. என் பாதிக்கு உரிய உடையைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும். தயங்கித் தயங்கித்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன்.

அந்தத் தகரப் பெட்டியின் அடியில் ஒரு கறுப்புக் கம்பளி இருக்கிறது. மலைநாட்டு நேயர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கொழுந்து எடுக்கும் பெண்கள் மழையில் கொங்காணி போலத் தலையில் கவிழ்த்துக்கொள்வது. இடுப்பைச் சுற்றிப் படங்கு, தலையில் கம்பளி, அதன்மேல் கூடைக் கயிறு. 19 ஆம் நூற்றாண்டில் காப்பித் தோட்டங்களுக்காகத் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளைக்கும் கண்டிக்கும் நடந்தார்கள். அவர்கள் உடுத்திவந்தது வெயில் நாட்டுத் துணி. மலையின் குளிருக்குக் கம்பளி கொடுக்கப்பட்டது. 'கொடுக்கப்பட்டது' என்று சொன்னேன். அதன் விலை அவர்கள் கணக்கில் கடனாக எழுதப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வேலை தொடங்கும் முன்பே தோளில் ஏறிய முதற்கடன் அது. 1867 இல் எங்கள் ஹேவாஹெட்டைப் பக்கத்திலேயே லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டார். காப்பி அழிந்து தேயிலை வந்தது. கம்பளி மாறவில்லை. ஆங்கிலத் துரைமார் தம் நூல்களில் இந்தச் சொல்லைத் தங்கள் நாவுக்கு ஏற்ப வளைத்து எழுதிவைத்திருக்கிறார்கள்.

பெட்டியில் இருப்பது என் அம்மாவுடையது.

1993 ஆம் ஆண்டு. எனக்கு வயது பதின்மூன்று. தோட்டத்துப் பள்ளியை முடித்துக் கீழே கடைவீதிப் பாடசாலைக்கு மாறியிருந்தேன். கடைக்காரரின் பிள்ளைகளும் உத்தியோகத்தரின் பிள்ளைகளும் படித்த இடம் அது. ஐப்பசி மாதம். மணி அடித்தது, மழையும் வந்தது. எல்லோரும் தாழ்வாரத்தில் ஒதுங்கி நின்றோம். படலையடியில், கம்பளியைத் தலையில் போட்டபடி, இடுப்பில் படங்கோடு அம்மா நின்றார். அன்று பக்கத்து மலையில் வேலை. பகல் நிறுவைக்குப் பின் கிடைத்த இடைவேளையில் எனக்காக ஓடி வந்திருந்தார். "யாரடா அது?" என்று ஒருவன் கேட்டான்.

"எங்க தோட்டத்து ஆளு" என்றேன்.

அம்மா தாழ்வாரத்துக்கு வந்துவிட்டிருந்தார். தம் தலையிலிருந்த கம்பளியை எடுத்து என்னிடம் நீட்டிவிட்டு, நனைந்துகொண்டே மலைக்குத் திரும்பினார். நான் அதைத் தலையில் போடவில்லை. சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நனைந்தபடியே லயத்துக்குப் போனேன். அவர் கேட்டாரா, கேட்கவில்லையா என்பது எனக்குத் தெரியாது. அன்றிரவு காம்பிராவில் வழக்கம் போல ரொட்டி சுட்டார். கம்பளியை அடுப்புக்கு மேலே காயப்போட்டார்.

இந்தக் கதையை நான் யாருக்கும் சொன்னதில்லை. ஒரு கூதிர் இரவில் மனைவிக்குச் சொன்னேன். அவர் அதற்கு முன்னரே என்னிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தார். பேகன் மயிலுக்குப் போர்வை கொடுத்த கதையை வகுப்பில் நான் விரித்துரைப்பதை அறிந்து, "மயிலுக்குப் போர்த்தினவர் மனிசிக்கு என்ன செய்தவராம்?" என்றார். நல்ல கேள்வி. பேகன் தன் மனைவி கண்ணகியைப் பிரிந்திருந்தான். கபிலரும் பரணரும் அரிசில்கிழாரும் பெருங்குன்றூர்கிழாரும் அவளிடம் திரும்பிப் போகும்படி அவனை வேண்டிப் பாடினார்கள். புறநானூற்றில் அந்தப் பாட்டுகள் அடுத்தடுத்து இருக்கின்றன. நாங்கள் மாணவருக்கு மயிலை மட்டும் சொல்லித் தேர்வுக்கு அனுப்பிவிடுகிறோம். என் கதையைச் சொல்லி முடித்ததும் அவர் பேகனைப் பற்றிப் பேசவில்லை. அதுதான் அவருடைய பெருந்தன்மை.

2011 முதல் அம்மா எங்களோடு கண்டியில் இருந்தார். வரும்போது கம்பளியையும் கொண்டுவந்தார். புதுப் போர்வை இரண்டு வாங்கிக் கொடுத்தும் அவர் போர்த்தியது அதைத்தான். நான் சொன்ன கதையை என் மனைவி ஒரு வாரம் மனத்தில் வைத்திருந்தார். பிறகு ஒருநாள் கொடியில் துணி போடும்போது, நான் உள்ளே இருக்கையில், நேரடியாகவே கேட்டுவிட்டார்.

"மாமி, அண்டைக்குப் பள்ளிக்கூடத்தில இவர் சொன்னது உங்களுக்குக் கேட்டதோ?"

சன்னலுக்குள்ளே என் கையிலிருந்த பேனை நின்றுவிட்டது.

"அதயா இன்னும் நெனச்சுக்கிட்டு இருக்கான்?" என்றார் அம்மா. "தோட்டத்து ஆளுதானே தாயி நானு. அதுல என்னா பொய்யி?" சற்றுக் கழித்து, "கம்பளிய போட்டுக்காம நனைஞ்சு போயி மூணு நாளு காய்ச்சல்ல கெடந்தான். அதுதான் எனக்கு ஆத்திரம்" என்றார்.

அது மன்னிப்பா, மன்னிக்க எதுவுமே இல்லை என்ற நினைப்பா, அல்லது என்னைத் தண்டிக்க அவருக்குத் தெரிந்த ஒரே முறையா? தமிழ்ச் சொற்களுக்குப் பொருள் சொல்லிச் சம்பளம் வாங்குகிறேன். அந்த வாக்கியங்களுக்கு இன்றுவரை என்னால் பொருள் சொல்ல முடியவில்லை.

2018 இல் அம்மா காலமானார். இறந்தவரின் துணிகளைக் கொடுத்துவிடுவது வழக்கம். கம்பளியையும் கட்டி வைத்தேன். மூட்டையை அவிழ்த்து அதை மட்டும் எடுத்து, வசம்பு வைத்துப் பெட்டியின் அடியில் வைத்தவர் என் மனைவி. நான் வேண்டாம் என்றேன். அந்த ஆண்டு எங்களுக்குள் நடந்த பெரிய சண்டை அதுதான். விரத நாளில் இரண்டு வேளை பேசாமல் இருந்தோம். "இது உங்கட அம்மான்ர. ஆனா வைச்சிருக்கிறது நான்" என்று முடித்துவிட்டார். அதன் பிறகு ஆண்டுதோறும் அதுவும் கொடிக்கு வருகிறது. காய்ந்த பிறகும் அதில் தேயிலைப் பச்சையும் அடுப்புப் புகையும் கலந்த ஒரு மணம் இருக்கிறது. அல்லது இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

2020 ஆம் ஆண்டுத் தீபாவளி நவம்பர் 14 ஆம் திகதி வந்தது. பெருந்தொற்றுக் காலம். கோவிலுக்குக் கூட்டமாகப் போக வழியில்லை. புதுத்துணியும் எடுக்கவில்லை. விரத முடிவன்று வீட்டுச் சாமி அறையிலேயே கும்பம் வைத்தார். அதிரசம் மட்டும் குறைவில்லாமல் சுட்டார். நூலை அவரே திரித்து முடிச்சிட்டிருந்தார். ஐயர் இல்லாததால் நான் அவருக்குக் கட்டினேன். அவர் எனக்குக் கட்டினார். 21 முடிச்சில் ஒன்று குறைந்ததாக மகன் எண்ணிச் சொன்னான். எண்ணாதே என்று இருவரும் ஒன்றாகச் சொன்னோம்.

மழை விடவில்லை. வாசலில் விளக்கு வைக்க வேண்டும். குடையைத் தேடினேன், மகன் அதை எங்கோ போட்டிருந்தான். மனைவி உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து கம்பளியை எடுத்துவந்தார். அவர் நூற்சேலை உடுத்தியிருந்தார். கம்பளியைக் கொங்காணியாக மடிக்க அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். மடித்தேன். "நீங்களும் வாங்கோவன்" என்றார். விளக்கை அவர் கையில் பிடித்துக்கொள்ள, கம்பளியை இருவர் தலைக்கும் மேலாகப் பிடித்தபடி முற்றத்தைக் கடந்தோம். ஒருவருக்கென்று நெய்த கம்பளி அது. இருவருக்குப் போதவில்லை. அவருடைய இடத்தோளும் என்னுடைய வலத்தோளும் நனைந்தன.